நிலக்கரி எண்ணெய் ஈனுமா?
மூலப்பாறைகளின் புதைவு வரலாறு பற்றிய ஒரு விளக்கம்

நிலக்கரியும் பெற்றோலியமும் நிலத்தினடியிலிருந்து மனிதன் பெறும் இருபெரும் எரிபொருள்கள். பள்ளிப் பாடநூல்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கூறினும், இவற்றின் பிறப்பை முற்றிலும் வெவ்வேறாகவே கற்பிக்கின்றன. நிலக்கரி தரையில் வளர்ந்த மரஞ்செடிகளின் வழிவந்தது. எண்ணெயோ கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் வழிவந்தது என்பது அவற்றின் கூற்று. இப்பாகுபாடு பெரும்பாலும் உண்மையே. உலகிற் கிடைக்கும் எண்ணெயிற் பெரும்பங்கு கடலடிச் சேற்றிற் புதைந்த பாசி முதலியவற்றினின்றும் தோன்றியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையை அடுத்த பாஸ் நீரிணையில் எடுக்கப்பட்ட கோடிக்கணக்கான பீப்பாய் எண்ணெய் கடலுயிர்களின் வழிவந்ததன்று. அது பண்டைக் காடுகளின் இலையும் பட்டையும் பிசினும் நிலக்கரியாகிப் பின் ஈன்ற எண்ணெய். பாடநூலின் எளிய பாகுபாட்டிற்குள் அடங்காத இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள விரும்புவார் இரண்டு பொருள்களை அறிதல் வேண்டும். ஒன்று, நிலக்கரி எத்தகைய உறுப்புக்களால் ஆயது என்பது. மற்றையது, அது நிலத்தினடியில் எவ்வாறு, எவ்வளவு காலம், எவ்வளவு வெப்பத்திற் புதைந்து கிடந்தது என்னும் வரலாறு. இவ்விரண்டனுள்ளும் பின்னையதே பலராலும் கவனிக்கப்படாதது. ஆதலின் அதனை இங்குச் சிறிது விரித்துரைப்பாம்.

முதற்கண் நிலக்கரியின் பிறப்பை நோக்குவோம். சதுப்பு நிலங்களில் வீழும் இலை, கிளை, பட்டை, வேர் என்பன நீரில் அமிழ்ந்து கிடக்கும்போது ஒட்சிசன் அவற்றை அணுகுதல் அரிதாகின்றது. ஆகவே அவை முற்றாக உக்கி மறையாது, பீற்று எனப்படும் கருங்கபில நிறப் பொருளாகத் திரள்கின்றன. அதன்மீது மணலும் களியும் படியும்போது, பீற்று அமுக்குண்டு நீரை இழந்து பழுப்பு நிலக்கரியாகின்றது. மேலும் ஆழப் புதையுமாயின் கருநிலக்கரியும், ஈற்றில் அந்திரசைற்று என்னும் வன்கரியும் உண்டாகின்றன. இவ்வரிசையில் மேற்செல்லுந்தோறும் நீரும் ஒட்சிசனும் ஐதரசனும் குறையக் காபனின் விகிதம் கூடுகின்றது. ஒரே சுரங்கத்தில் ஆழத்திலுள்ள படை மேலுள்ள படையினும் முதிர்ந்திருக்கும் என்பதை 1873 ஆம் ஆண்டிலே கார்ல் ஹில்ற் என்பார் எடுத்துக்காட்டினார். ஆழத்தோடு முதிர்வும் கூடும் என்னும் அவ்விதியே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தோற்றுவாய் எனலாம்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வயது மிக்க கரி முதிர்ந்த கரியாயிருத்தல் வேண்டும் என்று சிலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. உருசியாவில் மொஸ்கோ நகரைச் சூழ்ந்த வடிநிலத்திலுள்ள கரி, 30 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காபனிபெரசு யுகத்தது. எனினும் அஃது ஆழப் புதையாமையின் இன்றும் பழுப்பு நிலக்கரியாகவே இருக்கின்றது. இந்தோனேசியாவின் போர்ணியோத் தீவில் மகாகம் ஆற்றுக் கழிமுகத்தினடியிலுள்ள கரியோ, ஒன்று ஒன்றரைக் கோடி ஆண்டுகளே சென்ற மயோசீன் காலத்தது. ஆயினும் விரைந்து ஆழப் புதைந்தமையால் அது கருநிலக்கரியாகி எண்ணெயையும் வாயுவையும் ஈன்றுவிட்டது. தமிழ்நாட்டின் நெய்வேலியிலே தோண்டப்படும் கரி, ஆழத்திற்குச் செல்லாது மேலே நின்றுவிட்டமையின் பழுப்பு நிலையிலேயே கிடைக்கின்றது. ஆகவே, நிலக்கரியின் வயது வேறு, முதிர்வு வேறு என்பதை மனத்திற் கொள்க.

இனி, நிலக்கரியின் உறுப்புக்களைக் காண்போம். வெறுங் கண்ணுக்கு ஒரே கருமையாய்த் தோன்றும் கரியை மெருகிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கின், அது பலவகைத் துணுக்குக்களாலாய கூட்டுப்பொருள் என்பது புலனாகும். பாறைக்குக் கனியம் எவ்வாறோ, கரிக்கு இத்துணுக்கு அவ்வாறு என்று கொண்டு, அதற்கு மசெரல் என்னும் பெயரை 1935 ஆம் ஆண்டில் வழங்கியவர் மேரி ஸ்ரோப்ஸ் என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர். இவை மூன்று குலங்களாக வகுக்கப்படும். மரத்தின் கட்டையும் பட்டையும் மாறியமைந்தது விற்றிரினைற்று. பெரும்பாலான கரிகளில் மிக்கிருப்பது இதுவே. காட்டுத்தீயிற் கருகியோ, காற்றுப்பட்டு ஒட்சியேற்றமடைந்தோ போன பகுதி இனேட்டினைற்று. இஃது எதனையும் ஈனாத மலடு. மகரந்தம், வித்தி, இலையின் மேற்றோல், மெழுகு, பிசின், பாசி என்பவற்றின் எச்சம் இலிப்தினைற்று. அளவிற் சிறிதாயினும் ஐதரசன் மிக்கது இம்மூன்றாவதே. இதுவே எண்ணெயின் கருவறை.

ஐதரசன் ஏன் இத்துணைச் சிறப்புடையது என்பது ஒரு கணக்கினால் விளங்கும். மசகெண்ணெயில் ஒரு காபன் அணுவுக்கு ஏறத்தாழ 1.8 ஐதரசன் அணுக்கள் உள்ளன; மெதேன் வாயுவில் ஒன்றுக்கு நான்கு உள்ளன. பழுப்பு நிலக்கரியிலோ ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவோ அதனிற் குறைந்த அளவோ உள்ளது. எனவே, கரி தன் காபன் முழுவதையும் எண்ணெயாகவோ வாயுவாகவோ மாற்றல் இயலாது. தன்னிடமுள்ள ஐதரசனாகிய சிறு முதலைக் கொண்டு ஒரு பகுதிக் காபனையே அது வெளியேற்றுகின்றது. எஞ்சிய காபன் மேன்மேலும் செறிந்து அந்திரசைற்றை நோக்கிச் செல்கின்றது. ஒருபுறம் ஐதரசன் மிக்க பொருள் பிரிந்து போக, மறுபுறம் ஐதரசன் குன்றிய பொருள் எஞ்சுதலாகிய இதுவே மாற்றத்தின் உட்கிடை. 1950 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வன் கிரெவெலன், ஐதரசன்–காபன் விகிதத்தை ஓர் அச்சிலும் ஒட்சிசன்–காபன் விகிதத்தை மற்றோர் அச்சிலும் குறித்து, கரிகள் முதிரும் வழியை ஒரே வரைபடத்திற் காட்டினார். கரி முதலில் ஒட்சிசனை நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் இழக்கின்றது. அதன் பின்னரே ஐதரசனை ஐதரோகாபன்களாக இழக்கின்றது என்பது அவ்வரைபடத்தால் தெளிவாகும்.

1974 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞராகிய திசோவும் அவருடைய உடனாய்வாளரும், அடையற் பாறைகளிலுள்ள கெரோஜன் என்னும் சேதனப் பொருளை இவ்வரைபடத்தைக் கொண்டே மூன்று வகையாகப் பிரித்தனர். ஏரிப் பாசியால் ஆயது முதல் வகை. கடற் பாசியால் ஆயது இரண்டாம் வகை. தரைத் தாவரங்களால் ஆயது மூன்றாம் வகை. முன்னிரண்டும் எண்ணெய் தரும், மூன்றாவது வாயுவே தரும் என்பது விரைவிற் பொது வழக்காயிற்று. நிலக்கரி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே, கரியுள்ள வடிநிலத்தில் எண்ணெய் தேடுதல் வீண் என்று கருதுவாரும் இருந்தனர். பொது விதியாக அது பயனுடையதேயாயினும், விதிவிலக்குக்களைக் காண விடாது கண்ணை மறைக்கும் இயல்பும் அதற்கு உண்டாயிற்று.

இனி, புதைவு வரலாறு என்னும் இரண்டாம் பொருளுக்கு வருவோம். நிலத்தினுள்ளே செல்லச் செல்ல, சராசரியாகக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பநிலை உயர்கின்றது. மேற்பரப்பில் 20 பாகை என்றும், கிலோமீற்றருக்கு 30 பாகை உயர்வு என்றும் கொண்டால், 4 கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பநிலை 140 பாகையாகும். ஆழமற்ற பகுதியில், பற்றீரியங்கள் சிறிது மெதேனை உண்டாக்கும். அதனினும் ஆழத்தில், நீரும் காபனீரொட்சைட்டும் பிரியும். ஏறத்தாழ 100 பாகைக்கும் 150 பாகைக்கும் இடைப்பட்ட பகுதியிலே இலிப்தினைற்று முதலியன உடைந்து எண்ணெய் பிறக்கும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் எண்ணெயும் உடைந்து வாயுவாகும். விற்றிரினைற்றும் தன் மெதேனை விடுவிக்கும். எண்ணெய் பிறக்கும் அவ்விடைப் பகுதியை அறிஞர் எண்ணெய்ச் சாளரம் என்பர்.

வெப்பத்தோடு காலமும் சேர்ந்தே தொழிற்படுகின்றது. மரக்கறி கொதிநீரில் விரைந்து வேகும். இளஞ்சூட்டு நீரில் நெடுநேரம் கிடந்தாற்றான் சற்று மெலியும். இரசாயன மாற்றங்களும் அத்தகையனவே. 1971 ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் லொப்பாத்தின், ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் மாற்றத்தின் வேகம் இருமடங்காகும் என்னும் எளிய விதியைக் கொண்டு கரியின் முதிர்வைக் கணித்தார். அவ்விதிப்படி, 100 பாகையில் 320 இலட்சம் ஆண்டுகளில் நிகழும் மாற்றம் 150 பாகையில் 10 இலட்சம் ஆண்டுகளில் நிகழும். ஐந்து முறை இருமடங்காதல் முப்பத்திரண்டு மடங்காதலின். வெப்பத்தின் பங்கு இதனினும் பெரிது எனப் பின்வந்தோர் காட்டினாராயினும், காலத்தையும் வெப்பத்தையும் ஒருங்குவைத்து எண்ணும் வழியைத் திறந்துவிட்ட பெருமை லொப்பாத்தினுக்கு உரியது.

ஒரு கரிப்படையின் வரலாற்றை எவ்வாறு அறிவது? ஆழ்துளையிட்டுப் பெற்ற பாறைகளின் வயதை அவற்றிலுள்ள மகரந்தமும் நுண்ணிய கடலுயிர்ச் சுவடுகளும் காட்டும். ஒவ்வொரு படையின் தடிப்பும் அளக்கப்படும். களியும் சேறும் பாரத்தால் அமுங்கி மெலிந்திருக்குமாதலின், அவற்றின் முன்னைத் தடிப்புக் கணித்துப் பெறப்படும். பின்னர், மேலுள்ள படைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு காலத்திற் பின்னோக்கிச் சென்றால், எந்தக் காலத்தில் அக்கரிப்படை எந்த ஆழத்திற் கிடந்தது என்பது தெரியவரும். காலத்தைக் கிடையச்சிலும் ஆழத்தைக் கீழ்நோக்கிய அச்சிலும் குறித்தால், சரிந்திறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அதுவே புதைவு வளைகோடு. அது செங்குத்தாகச் சரியுமிடம் விரைந்த புதைவையும், கிடையாக ஓடுமிடம் ஓய்வையும், மேலெழுமிடம் நிலம் உயர்ந்து அரிப்புண்டதையும் காட்டும்.

இக்கணிப்புச் சரியோ தவறோ என்பதைச் சோதிக்கும் உரைகல் அக்கரியினுள்ளேயே உள்ளது. விற்றிரினைற்று முதிர முதிர மெருகேறி, தன்மேல் விழும் ஒளியை மேன்மேலும் தெறிக்கச் செய்கின்றது. விழும் ஒளியில் 0.6 நூற்றுவீதம் அளவில் தெறித்தால் எண்ணெய் பிறக்கத் தொடங்கியது என்றும், 1.3 நூற்றுவீதத்தைக் கடந்தால் எண்ணெயின் காலம் முடிந்து வாயுவின் காலம் வந்தது என்றும் பொதுவாகக் கொள்வர். ஒருமுறை ஏறிய தெறிப்பு, பாறை குளிர்ந்த பின்னும் குறைவதில்லை. எனவே, இன்று ஆழமற்ற இடத்திற் கிடக்கும் கரி மிக்க தெறிப்பைக் காட்டுமாயின், அதன்மேல் ஒருகாலத்தில் இருந்து பின்னர் அரிப்புண்டு போன பாறையின் தடிப்பையும் ஒருவாறு ஊகிக்கலாம். 1915 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் புவிச்சரிதவியலாராகிய டேவிட் வைற், கரியின் காபன் விகிதம் ஒரு வரம்பைக் கடந்த பகுதிகளில் எண்ணெய் கிடைப்பதில்லை என்று கூறியிருந்தார். கரியின் முதிர்வு எண்ணெயின் விதியையும் காட்டும் என்னும் கருத்து அவரால் வேரூன்றியது.

இவ்விரு அறிவையும் துணையாகக்கொண்டு பாஸ் நீரிணைக்குச் செல்வோம். விக்டோரியா மாநிலத்தின் இலற்றோப் பள்ளத்தாக்கிலே 100 மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடைய பழுப்பு நிலக்கரிப் படைகள் உள்ளன. அக்கரியின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நீர். நெடுங்காலம் மெல்பேண் நகருக்கு மின்சாரம் தந்தது அக்கரியே. அவ்வடிநிலம் கரையோடு நின்றுவிடாது கடலினடியிலும் விரிந்து செல்கின்றது. அதுவே ஜிப்ஸ்லாந்து வடிநிலம். 1924 ஆம் ஆண்டில் அக்கரையோரத்து லேக்ஸ் என்றன்ஸ் என்னும் ஊருக்கு அருகில் நீருக்காகத் தோண்டிய துளையொன்றிற் சிறிது எண்ணெய் கண்டனர். ஆயினும் அதனாற் பெரும்பயன் விளையவில்லை. 1960 ஆம் ஆண்டில் பி.எச்.பி. என்னும் உருக்கு நிறுவனம் லூயிஸ் வீக்ஸ் என்னும் அமெரிக்கப் புவிச்சரிதவியலாரின் ஆலோசனையை நாடிற்று. கடலினடியில் தேடுக என்பது அவர் கூறிய வழி. அந்நிறுவனமும் எஸ்ஸோ நிறுவனமும் சேர்ந்து துளையிட்டு, 1965 இல் பரக்கூற்றா வாயு வயலையும், 1967 இல் கிங்பிஷ், ஹலிபற் என்னும் எண்ணெய் வயல்களையும் கண்டன. கிங்பிஷ் ஒன்றே 100 கோடிக்கு மேற்பட்ட பீப்பாய் எண்ணெயைத் தந்தது.

கரையிலே பழுப்புக் கரி, கடலடியிலே எண்ணெய். ஒரே வடிநிலம், ஒத்த சதுப்புக் காடுகள், வேறுபட்ட விளைவு. இவ்வேறுபாட்டின் காரணம் புதைவு வரலாறே. அவுஸ்திரேலியா அந்தாட்டிக்காவைப் பிரிந்து விலகிய காலத்தும், தஸ்மன் கடல் திறந்த காலத்தும் அவ்வடிநிலம் தாழ்ந்துகொண்டே வந்தது. கிரேற்றேசியசு யுகத்தின் பிற்பகுதி தொடக்கம் இயோசீன் காலம் வரை, ஆறுகளும் கடலோரச் சதுப்புக்களும் மணலையும் கரியையும் மாறி மாறிப் படியவைத்தன. இப்படைத்தொகுதிக்கு இலற்றோப் கூட்டம் என்று பெயர். அதன்பின் கடல் மேலேறி வந்து சுண்ணக் களியைப் பரப்பிற்று. அதுவே எண்ணெயை வெளியேறவிடாத மூடுபாறையாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் உருவாகிய அதே மயோசீன் காலத்தில், அங்கும் கடலடியிற் பெருந் தடிப்பான சுண்ணாம்புக்கல் விரைந்து படிந்தது. அப்பாரத்தினால், வடிநிலத்தின் நடுப்பகுதியிலிருந்த கரிப்படைகள் 4 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கி எண்ணெய்ச் சாளரத்தினுட் புகுந்தன. கரையிலிருந்த கரிக்கோ அத்தகைய பாரம் வாய்க்கவில்லை. அது பழுப்பாகவே நின்றது.

இதில் நிகழ்ச்சிகளின் முறைமையும் கருதத்தக்கது. எண்ணெய் பிறந்தால் மட்டும் போதாது; அது சென்று தங்குவதற்கான மேன்மடிப்பும், அதனை மூடும் பாறையும் அதற்கு முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஜிப்ஸ்லாந்தில், இயோசீன் காலத்தின் ஈற்றிலிருந்து மயோசீன் வரை நிகழ்ந்த அமுக்கத்தினால் மேன்மடிப்புக்கள் எழுந்தன. மூடுபாறையும் அதற்குள் படிந்துவிட்டது. எண்ணெயின் பெரும்பகுதி அவற்றின் பின்னரே வந்து சேர்ந்தது. இம்முறைமை மாறியிருப்பின் அவ்வெண்ணெய் கடலிற் கசிந்து போயிருக்கும்.

அவ்வெண்ணெய் கரியின் வழிவந்தது என்பதற்குச் சான்று என்னை? அது மெழுகு மிக்கது. கந்தகம் மிகக் குறைந்தது. கடல்வழி எண்ணெயின் இயல்பு இதுவன்று. தென்னிலத்து ஊசியிலை மரங்களின் பிசினிலுள்ள சேர்வைகளின் எச்சம் அதிற் காணப்படுகின்றது. அவுஸ்திரேலிய அறிஞராகிய புறூக்ஸ், சிமித் என்போர் 1967 ஆம் ஆண்டிலும் 1969 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்கின. உயிருள்ள இலையின் மெழுகில், 27, 29, 31 என ஒற்றையெண் காபன்களையுடைய சங்கிலிகளே மிக்கிருக்கும். பழுப்பு நிலக்கரியிலும் அவ்வொற்றை மிகை காணப்படும். கரி முதிர முதிர அம்மிகை தேய்ந்து, ஒற்றையும் இரட்டையும் சமமாகிப் பெற்றோலியத்தின் இயல்பை எய்துகின்றது. இலைமெழுகு எண்ணெயாகும் பாதையை இவ்வாறு படிப்படியாகக் கண்டனர்.

மற்றொரு சோதனை பொறுமைக்கு எடுத்துக்காட்டாய் விளங்குவது. சக்ஸ்பி, ரைலி என்னும் இருவர், பாசி செறிந்த தோர்பனைற்றுக் கரியையும் பழுப்பு நிலக்கரியையும் மூடிய கலங்களில் இட்டு, 100 பாகையிலிருந்து 400 பாகை வரை, கிழமைக்கு ஒரு பாகை வீதம் வெப்பத்தை உயர்த்தினர். 300 கிழமைகள், அஃதாவது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அச்சோதனை நடந்தது. 1984 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிபின்படி, தோர்பனைற்று இயற்கை எண்ணெயினின்று பிரித்தறிய முடியாத எண்ணெயைத் தந்தது; பழுப்பு நிலக்கரியோ இலகுவான திரவங்கள் கலந்த வாயுவையே பெரும்பாலும் தந்தது. இதனால் அறியத்தக்கது யாது? வெப்பமும் காலமும் ஒத்திருப்பினும், கருப்பொருளில் ஐதரசன் எவ்வளவோ அவ்வளவே விளைவு என்பதாம். கரி எண்ணெய் ஈனும். ஆயின் எல்லாக் கரியும் ஈனாது.

ஈன்ற எண்ணெய் கரியைவிட்டு வெளியேறுதலும் எளிதன்று. கரி நுண்டுளைகள் நிறைந்தது. பஞ்சு நீரைப் பற்றுவதுபோல் அது எண்ணெயைத் தன்னுள்ளே பற்றிக்கொள்ளும். பற்றிய எண்ணெய் மேலும் சூடேறினால் உடைந்து வாயுவாய்ப் போய்விடும். வாயுவின் மூலக்கூறு சிறிதாதலின் எளிதில் வெளியேறும். பெரும்பாலான கரிகள் வாயுவையே தருவதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய கரிப்படைகள் மணற்கல்லோடு மாறி மாறி அடுக்கப்பட்டிருக்குமிடத்து, எண்ணெய் தப்பிச் செல்லும் வழி குறுகியதாகும். ஜிப்ஸ்லாந்திலும் மகாகம் கழிமுகத்திலும் அமைப்பு இத்தகையதே. அங்கே எண்ணெயைத் தந்தது கரிப்படைதானோ, கரித்துகள் கலந்த அயற் களிப்பாறைதானோ என்பது இன்றும் அறிஞரிடையே ஆராயப்படும் வினா. இரண்டும் ஒரே காட்டின் எச்சமாதலின் அவற்றின் இரசாயன அடையாளங்களும் ஒத்திருக்கின்றன. மகாகத்தில் 1972 இற் கண்ட படாக் வாயு வயலும், 1974 இற் கண்ட ஹண்டில் எண்ணெய் வயலும் இவ்வகையைச் சேர்ந்தன. நியூசிலாந்தின் தரநாக்கி வடிநிலத்தில் 1959 இற் கண்ட கபூனி வயலும் 1969 இற் கண்ட மௌவி வயலும் அத்தகையனவே.

வாயுவையே தந்த கரிக்கு ஒல்லாந்தின் குரோனிங்கன் வயல் தலைசிறந்த சான்று. 1959 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட அவ்வயலில் ஏறத்தாழ 2,80,000 கோடி கனமீற்றர் வாயு இருந்தது. அதனை ஈன்றது 31 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காபனிபெரசுக் கரி. அக்கரியின் புதைவு வளைகோடு ஒரே சரிவாய் இறங்கியதன்று. முதலில் அது ஆழப் புதைந்து சூடேறியது. பின்னர் நிலம் மேலெழுந்து அரிப்புண்டமையின் குளிர்ந்து ஓய்ந்தது. அவ்வேளையிற் பிறந்த வாயுவைத் தடுக்க மூடுபாறை எதுவும் இருக்கவில்லை. ஆதலின் அது வீணே வெளியேறியது. அதன்பின் பாலைநிலத்து மணல் படிந்து தேக்கப்பாறையாயிற்று. அதன்மேல், வற்றிய கடலொன்றின் உப்பு ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் படிந்து மூடுபாறையாயிற்று. மீண்டும் ஆழப் புதைந்து, முன்னர் அடைந்த உச்ச வெப்பநிலையைக் கடந்த பின்னரே, கரி தன்பால் எஞ்சிய வாயுவை மீண்டும் ஈனத் தொடங்கியது. உப்பு அதனை வெளியேற விடவில்லை. முதற் புதைவிலேயே கரி தன் வாயு முழுவதையும் இழந்திருக்குமாயின் குரோனிங்கன் வயல் இல்லை. இடையில் நேர்ந்த ஓய்வே பிற்காலச் செல்வத்தைக் காத்தது.

அச்செல்வத்தை மனிதர் எடுத்த வரலாறும் ஒரு பாடமாகும். வாயு எடுக்க எடுக்கத் தேக்கப்பாறையின் அமுக்கம் குறைந்து, பாறை அமுங்கி, பழைய பிளவுகள் நகரத் தொடங்கின. 2012 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஹுய்சிங்கே என்னும் ஊரருகே 3.6 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. இத்தகைய நடுக்கங்களால் ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. நிலத்தினடியில் வாயு இன்னும் எஞ்சியிருக்கவும், 2023 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் வாயு எடுத்தல் நிறுத்தப்பட்டு, 2024 இல் அவ்வயல் சட்டத்தால் மூடப்பட்டது. அவுஸ்திரேலியாவின் இலற்றோப் பள்ளத்தாக்கிலும் 2014 ஆம் ஆண்டில் ஹேசில்வுட் கரிச்சுரங்கம் 45 நாட்கள் எரிந்தது. அதனை அடுத்த மின்னிலையம் 2017 இல் மூடப்பட்டது. கடலடி வயல்களோ பெரும்பாலும் வற்றிவிட்டன.

புதைவு வளைகோட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், அதன் கிடையச்சின் வலது கோடியில் மனிதர் இவ்வெரிபொருளை எடுத்த காலத்தையும் குறிக்க முயல்வது நன்று. ஜிப்ஸ்லாந்து வளைகோட்டில் ஒரு கோடி ஆண்டு ஓர் அடி நீளம் எனக் கொள்ளின், சதுப்புக் காடு தளிர்த்த காலம் இடப்புறத்தில் ஏழெட்டு அடிக்கு அப்பால் நிற்கும். கிங்பிஷ் வயலைக் கண்ட நாள் தொடக்கம் இன்று வரையுள்ள அறுபது ஆண்டுகளுக்கு, சுண்ணக்கட்டியின் கோட்டுத் தடிப்பும் மிகையாகும். அக்காடு வளியிலிருந்து எடுத்த காபனையே நாம் அத்துணைக் குறுகிய காலத்தில் வளிக்குத் திருப்பிக் கொடுத்திருக்கின்றோம்.

ஆகவே, நிலக்கரி எண்ணெய் ஈனுமா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. ஐதரசன் மிக்க இலையும் மெழுகும் பிசினும் அக்கரியில் இருத்தல் வேண்டும். தக்க வெப்பத்தில் தக்க காலம் அது புதைந்திருத்தல் வேண்டும். பிறந்த எண்ணெய் கரியைவிட்டுத் தப்பிச் செல்ல வழி வேண்டும். சென்றதனை ஏற்கும் மடிப்பும் மூடும் பாறையும் முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் விளைவு வேறாகும். நிலக்கரி தரையிலிருந்து, எண்ணெய் கடலிலிருந்து என்று மனனம் செய்யும் மாணவனுக்கு இந்நான்கினையும் எடுத்துரைப்பின், அவன் பெறுவது ஒரு விதிவிலக்கு மட்டுமன்று. ஒரு பொருளின் இயல்பை அதன் வரலாற்றோடு சேர்த்து ஆராயும் முறையுமாகும்.